பூபாலனின் கிட்டாருக்கு ஒரு பிக்கப்

பூபாலனுக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. உட்கார்ந்தால் வலது கால் ஆடும். சாப்பிடும்போது ஆடும், முடி வெட்டிக்கொள்ளும்போது ஆடும், பெண் பார்க்கப் போன அன்று ஆடி அங்கிருந்த சொம்பைத் தட்டிவிட்டது. அந்தக் கால் ஆட ஆரம்பித்தால் மனுஷன் எங்கேயோ கிளம்பப் போகிறான் என்று அர்த்தம். அப்படித்தான் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனான், திரும்பி வந்தான். போர்வெல் லாரியில் ஏறி ஊர் ஊராகச் சுற்றினான், அதிலிருந்தும் இறங்கி வந்தான். பெங்களூரில் ஒரு பெரிய ஓட்டலில் தட்டு கழுவி, பிறகு தட்டு தூக்கி, கொஞ்ச காலம் நிலைத்தான் என்று பார்த்தால் கொரோனா வந்து ஓட்டலையே மூடிவிட்டது. இப்போது ஜமுனாமரத்தூருக்கு மேலே, சொந்த ஊரில், சாமைக் கொல்லை ஒன்றும் லோடு ஆட்டோ ஒன்றுமாக இருக்கிறான். பலாப்பழமும் புளியும் தேனும் ஏற்றிக்கொண்டு ஆலங்காயத்துக்கும் போளூருக்கும் இறங்குவான், ஏறுவான். மலையிலேயே இருந்தாலும் ஓடிக்கொண்டே இருக்கிற வேலையாகத்தான் பார்த்துப் பிடித்திருக்கிறான்.

பெங்களூரிலிருந்து அவன் கொண்டுவந்தது ஒரு கிட்டார். சினிமாவில் பார்க்கிற கிட்டார் மாதிரி இருக்காது. மேல்பலகை தட்டையாக இல்லாமல் லேசாக உப்பியிருக்கும், நடுவில் வட்ட ஓட்டைக்குப் பதில் வயலினுக்கு இருப்பதுபோல இரண்டு பக்கமும் வளைந்த துளைகள். ஓட்டல் வரவேற்புக் கூடத்தில் சாயங்காலமானால் மூன்று பேர் உட்கார்ந்து ஜாஸ் வாசிப்பார்கள். சூப் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு போகிற பூபாலனின் கண் கிட்டார்காரர் விரல்மேலேயே இருக்கும். அதனால் எத்தனை மேஜை விரிப்பு பாழாயிற்று என்று அந்த ஓட்டல்காரர்களைத்தான் கேட்க வேண்டும். பிறகு ஒரு பழைய கிட்டாரை விலைக்கு வாங்கி, சாமான் அறையில் வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, பார்த்ததைத் தேடித் தேடி விரலுக்குக் கொண்டுவந்தான்.

ஊரில் யாருக்கும் அது பிடிபடவில்லை. கொஞ்ச நேரம் மரியாதைக்குக் கேட்பார்கள். "நல்லாத்தான் கீது பூபாலா, பாட்டு எப்ப வரும்?" என்பார்கள். பாட்டு அதுதான் என்று சொன்னால் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போவார்கள். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. கரண்ட் இல்லாத அந்தக் கிட்டாரின் சத்தம் நாலு பேர் தள்ளி உட்கார்ந்தவனுக்குக் கேட்காது. மடியில் வைத்திருப்பவனுக்கு மட்டும் அதன் மொத்த அழகும் தெரியும். தான் கேட்பதை இன்னொருவரும் கேட்க வேண்டும் என்பது பூபாலனை அரித்துக்கொண்டே இருந்த ஆசை.

கேட்ட ஒரே ஆள் அவன் மனைவி நதியா. அவளுக்கோ இரண்டு காதும் கேட்காது.

பள்ளிக்கூடம் போகிற வயதில் வந்த காய்ச்சல் அவள் காதுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டது. கேட்பது நின்றுவிட்டதால் மற்றவர் உதட்டைப் பார்த்தே எல்லாம் புரிந்துகொள்வாள். அவள் பேச்சு நின்றதில்லை, அதிலும் பூபாலனிடம் நிற்கவே நிற்காது. முகாமில் கொடுத்த காது மிஷினை மாட்டிப் பார்த்துவிட்டு மறுநாளே கழற்றி டப்பாவில் போட்டாள். மழையும் ஆடும் பக்கத்து வீட்டுச் சண்டையும் ஒரே குண்டானில் கொட்டிக் கிளறியது மாதிரி இருக்கிறது என்றாள். கல்யாணமான புதிதில் பூபாலன் வாசித்துக்கொண்டிருந்தபோது, வழியில் இருக்கிறதே என்று கிட்டாரை நகர்த்துவதற்காக அவள் கை வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்றிலிருந்து அதுவே பழக்கமாயிற்று. அவன் வாசிப்பான், அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கம்பிகள் முடிகிற இடத்துக்குக் கீழே, மேல்பலகையில் உள்ளங்கையை வைப்பாள். அந்த இடத்தில் மட்டும் வார்னிஷ் மங்கிப்போயிருந்தது. எந்த வாசிப்பு நேற்று வந்தது, எது புதிது என்று கையாலேயே சொல்வாள். வாசிப்பு மட்டுமா? கிட்டார் வலது தொடைமேல் உட்கார்ந்திருப்பதால் கால் ஆட்டமும் அதற்குள் வரும். "ரெண்டு நாளா பொட்டியில உன் கால் வருது மாமா. எங்க கெளம்பற?" என்று அவள் கேட்டுத்தான், தான் கிளம்பப் போவதே பூபாலனுக்குத் தெரியும். குடகில் மிளகு பறிக்கப் போனதும் அப்படித்தான்.

இந்தச் சித்திரையில் ராஜேஷ் போன் செய்தான். அந்த ஓட்டலில் டிரம்ஸ் வாசிக்கிறவன், வேலூர்ப் பக்கத்து ஆள். ஓட்டல் திரும்பவும் திறந்து நன்றாக நடக்கிறது, கிட்டார்காரர் வெளிநாடு போய்விட்டார்.

"வெங்காய மூட்ட மேல குந்திகினு வாசிப்பியே, இப்பவும் வாசிக்கறியாடா?"

"வாசிச்சிகினுதான் கீறேன்."

"அப்ப ஆனி பொறக்கறதுக்குள்ள வந்து சேரு. ஆனா மைக்க முன்னால வெச்சிகினு வாசிக்கறதெல்லாம் ஆவாது. என் டிரம்ஸ் சத்தத்துக்கு நீ காணாம போயிருவ. கிட்டாருக்கு ஒரு பிக்கப் போட்டுகினு வா. அந்தக் கிட்டார்தான் வேணும், வேற பலகை கிட்டாரெல்லாம் எடுத்தாராத. ஓட்டல்காரங்களுக்கு அந்தப் பழைய காலத்து சோக்குதான் புடிக்கும்."

பூபாலனின் கால் அன்று ஆடியதில் வீட்டுத் தகரக் கதவே அதிர்ந்தது. தட்டு தூக்கிய அதே கூடத்தில் உட்கார்ந்து வாசிப்பதா! நதியாவிடம் சொன்னான். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தான் போலிருக்கிறது.

"போய்ட்டு வா மாமா. இங்க குந்திகினு என் உசுர வாங்காத. லீவுக்கு வந்துட்டுப் போ," என்றாள்.

பிக்கப் என்பது சின்னச் சாமான்தான். கிட்டாரின் சத்தத்தை எடுத்து வயர் வழியாக ஸ்பீக்கருக்கு அனுப்புகிற வேலை. ஆனால் எந்தச் சத்தத்தை எடுப்பது என்பதில்தான் வம்பே இருக்கிறது. மரத்தின் அதிர்வை எடுப்பது ஒரு ஜாதி, கம்பி உட்கார்ந்திருக்கும் கட்டையின் அழுத்தத்தை எடுப்பது ஒரு ஜாதி, காந்தத்தால் கம்பியின் அசைவை மட்டும் எடுப்பது இன்னொரு ஜாதி. பூபாலன் ராத்திரி பகலாக போனில் இதையே பார்த்தான். ஒருத்தன் நன்று என்றதை அடுத்தவன் குப்பை என்றான். பலாப்பழ லோடை ஆலங்காயத்தில் இறக்க வேண்டியவன் நினைப்பில்லாமல் வாணியம்பாடி வரை போய்விட்டுத் திரும்பினான்.

முதலில் வந்தது ஒட்டுகிற பிக்கப். ஒரு ரூபாய் நாணயம் மாதிரி வட்டமாக இருந்தது, மேல்பலகையில் ஒட்டிவிட வேண்டியதுதான். கூட வந்த பசை பழைய வார்னிஷ்மேல் பிடிக்கவில்லை. பூபாலனுக்கு மூளைக்கா பஞ்சம்? ஆட்டோவில் தேன் ஏற்றுகிற வீட்டிலிருந்து தேன்மெழுகு வாங்கி உருட்டி ஒட்டினான். கல் மாதிரி பிடித்தது. அப்படியே எடுத்துக்கொண்டு ஆலங்காயம் இறங்கினான். அங்கே கோகுல்ராஜ் மைக்செட் கடை வைத்திருக்கிறான். கல்யாணம், சாவு, கூழ் ஊற்றுகிற திருவிழா எல்லாவற்றுக்கும் அவன் செட்தான். எதுவானாலும் சத்தம் பத்தவில்லை என்பது அவனுடைய கொள்கை.

வயரைச் சொருகியதும் ஸ்பீக்கரில் கரகரவென்று ஒரு சத்தம். கோகுல்ராஜ் வயரை மாற்றினான், பின்னைச் சுரண்டினான், ஈயத்தால் பற்ற வைத்தான். கரகர நிற்கவில்லை. கடைசியில் டார்ச்சை அடித்துத் துளைக்குள் பார்த்தான்.

"அண்ணா, மெழுக காய்ச்சி வடிகட்டினியா?"

"இல்ல, அப்டியே உருட்டி ஒட்டிட்டேன்."

"வந்து உள்ள பாரு. ஊர்ல கீற எறும்பெல்லாம் உன் கிட்டார்லதான் குடும்பம் நடத்துது!"

மெழுகில் மிச்சமிருந்த தேனுக்கு வந்த கூட்டம். எறும்பு நடக்கிற சத்தத்தையே எடுக்கிற பிக்கப் என்று பூபாலன் சந்தோஷத்தில் குதித்தான். எறும்பைத் தட்டிவிட்டு, மெழுகைக் காய்ச்சி ஒட்டி, வாசித்தான். மடியில் கேட்கிற அதே சத்தம், மரத்தின் வாசனையோடு, கடைத்தெரு முழுக்கக் கேட்டது. கூடவே சட்டைக் கை உரசுவது, மூச்சு விடுவது எல்லாம் கேட்டது. அடியில் தொம் தொம் என்று ஒன்று.

"யாருண்ணா உள்ள உரல் குத்தறது?" என்றான் கோகுல்ராஜ்.

பூபாலன் காலை அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

அடுத்த வாரம் ஓர் அம்மன் கோயில் திருவிழாவில் கோகுல்ராஜின் செட்டில் சொருகிச் சோதித்தார்கள். பக்கத்தில் பம்பை முழங்கியதுதான் தாமதம். பம்பைச் சத்தம் மரத்தில் ஏறி, மரத்திலிருந்து ஸ்பீக்கருக்குப் போய், ஸ்பீக்கரிலிருந்து திரும்ப மரத்துக்கு வந்து, ஊளை கிளம்பியது. ஆடு வெட்ட நின்ற பூசாரி கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்து, "எந்தப் பேயடா இது?" என்றார். டிரம்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க வேண்டியவனுக்கு இது உதவாது. மரத்தைக் கேட்கிற எதுவும் உதவாது.

கட்டைக்கு அடியில் வைக்கிற பிக்கப்பை வாங்கினான். தட்டில் சில்லறையைக் கொட்டுவது போல இருந்தது. அதைத் திருப்பி அனுப்பினான். அப்புறம் காந்த பிக்கப்பை வாங்கினான். கிட்டாரின் கழுத்துப் பக்கத்திலிருந்து கம்பிகளுக்குக் கீழே, பலகையைத் தொடாமல் தொங்குகிற மாதிரி மாட்ட வேண்டும். இது நன்றாக இருந்தது. எஃகுக் கம்பி அசைவது மட்டும் வந்தது, உருண்டையாக, தெளிவாக. ஆனால் கோகுல்ராஜ் ஒரு கூடத்துக்கு வேண்டிய அளவுக்குச் சத்தத்தை ஏற்றியபோது பலகையோடு சேர்ந்து கம்பியும் ஆடி, இதுவும் ஊளையிட்டது.

ராஜேஷுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினார்கள்.

"தொங்க விட்டா இப்டித்தாண்டா. மேல்பலகைய அறுத்து பிக்கப்ப உள்ள எறக்கிடு. பலகை அசையறது நின்னுடும், ஊளையும் நின்னுடும். இங்க எல்லாரும் அப்டித்தான் பண்றாங்க," என்றான் ராஜேஷ்.

அறுப்பது. பூபாலன் கிட்டாரை மடிக்கு இழுத்துக்கொண்டான். அறுத்த பலகையை யாராலும் திரும்ப ஒட்ட முடியாது. கோகுல்ராஜுக்கு இதிலெல்லாம் தயக்கம் கிடையாது. ஆலங்காயத்தில் தனக்குத் தெரிந்த ஆசாரியிடம் திங்கட்கிழமைக்குச் சொல்லியே வைத்துவிட்டான். பூபாலன் வீட்டில் கிட்டாரைச் சுவரில் மாட்டுவான், எடுப்பான், பலகையைத் தட்டிப் பார்ப்பான், மறுபடி மாட்டுவான். சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து போய்ச் சாமைக் கொல்லையைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அப்படியொரு மனுஷனோடு ஒரே வீட்டில் இருப்பதற்குத் தனிப் பொறுமை வேண்டும்.

"அறுத்தா பொட்டி கெட்டுப்பூடுமா?" என்று நதியா கேட்டாள்.

"கெடாது. சத்தம் நல்லாவே வரும்."

"அப்பால இன்னாத்துக்கு மாமா ரோசன? அறுத்துகினு போ. ஊரு கேக்கட்டும்."

கோகுல்ராஜ்தான் ஒரு வழி சொன்னான். அறுப்பதற்கு முன்னால் துளை வழியாகத் துணியை அடைத்துப் பார்த்தால், பலகை அசையாமல் போனபின் சத்தம் எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடும். துணி ஒரு நாள் சோதனைக்குத்தான் தாங்கும், தினமும் வாசித்தால் நழுவிக் கரகரக்கும். பிடித்திருந்தால் திங்கட்கிழமை அறுக்கலாம், பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம். ஞாயிற்றுக்கிழமை மலையில் ஒரு காதுகுத்துக்கு வருகிறவன், போகிற வழியில் ஸ்பீக்கரோடு வந்து பார்ப்பதாகச் சொன்னான்.

துணியை நதியாதான் அடைத்தாள். அவளுடைய பழைய பச்சைப் புடவையை நீளநீளமாகக் கிழித்து, பூபாலன் கம்பிகளைத் தளர்த்திப் பிடித்துக்கொள்ள, ஒவ்வொரு கிழிசலாகத் துளைக்குள் விட்டு, களி கிண்டுகிற துடுப்பின் காம்பால் மூலை முடுக்கெல்லாம் இடித்து நிரப்பினாள். தலையணைக்குப் பஞ்சு அடைக்கிற கவனம் அதில் இருந்தது. "வயிறு ரொம்பிப்போச்சி உன் பொட்டிக்கு," என்று சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோகுல்ராஜ் வாசலில் ஸ்பீக்கரை இறக்கினான். ஸ்பீக்கரைக் கண்டால் ஊரில் யார் வீட்டில் இருப்பார்கள்? எல்லாரும் வந்து நின்றார்கள். பூபாலன் ஸ்டூலில் உட்கார்ந்து முதல் கம்பியைத் தொட்டான்.

அவன் உடம்பு சிலிர்த்தது. இத்தனை வருஷமாகத் தேடிய சத்தம் அதுதான். ஓட்டல் கூடத்தில் சூப் கிண்ணத்தோடு நின்று கேட்டானே, அந்தச் சத்தம். கோகுல்ராஜ் ஏற்றினான், இன்னும் ஏற்றினான். ஊளை என்ற பேச்சே இல்லை. புளியமரத்தடி வரை ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகப் போய் விழுந்தது. பாட்டு எப்போது வரும் என்று அன்று யாரும் கேட்கவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி தன்னையறியாமல் ஆடினாள். ஊர் கேட்டது. பூபாலன் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே வாசித்தான்.

கொல்லைப் பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நதியா கூட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். வழக்கமாக உட்காரும் இடத்தில், ஸ்டூலுக்குப் பக்கத்தில், மண்ணில் உட்கார்ந்தாள். வார்னிஷ் மங்கிய இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். தலையைக் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டாள். அவள் கேட்பது எப்போதும் அப்படித்தான்.

பூபாலன் தன் மிகச் சிறந்த வாசிப்பை அவளுக்காக எடுத்தான். விரல்கள் மேலே ஏறின, இறங்கின, ஸ்பீக்கர் அதிர்ந்தது. அவள் கையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள். அழுத்தி வைத்தாள். பிறகு கண்ணைத் திறக்காமலேயே கேட்டாள்:

"இன்னும் ஆரம்பிக்கலியா மாமா?"

யாரோ ஒருவன் களுக்கென்று சிரித்தான். உடனே அந்தச் சிரிப்பும் அடங்கியது.

பூபாலனின் விரல் நின்றுவிட்டது. அவள் அப்படியே கண்ணை மூடிக்கொண்டு, பொறுமையாக, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் போல உட்கார்ந்திருந்தாள். தன் கையால் கிழித்து, தன் கையால் இடித்து அடைத்தது என்ன என்று அவளுக்குத் தெரியாது. அவனுக்கும் அதுவரை தோன்றவில்லை. ஊர் முழுக்கக் கேட்கட்டும் என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவன், கேட்டுக்கொண்டிருந்த ஒரே ஆளை மறந்துவிட்டான். அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கூட்டத்துக்கு நடுவில் அழக் கூச்சமாக இருந்ததால் குனிந்து வயரைப் பிடுங்கினான்.

"இன்னாண்ணா, நல்லாத்தானே போய்கினு இருந்துச்சி!" என்று கோகுல்ராஜ் பதறினான்.

பூபாலன் துளைக்குள் விரலை விட்டுத் துணி நுனியைப் பிடித்தான். பச்சைப் புடவை நீளமாக வந்தது. வர வர இழுத்துக்கொண்டே இருந்தான், மடியிலும் மண்ணிலும் விழுந்து குவிந்தது. நதியா கண்ணைத் திறந்து புடவையைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. கையை எடுத்த இடத்தில் திரும்ப வைத்தாள்.

அவன் வாசித்தான். வயர் இல்லாத கிட்டார், நாலு பேர் தள்ளி நின்றவர்களுக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தார்கள், பிறகு ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

"ஆங், வந்துச்சி," என்றாள் நதியா.

கோகுல்ராஜ் ஸ்பீக்கரை ஏற்றிக்கொண்டே, "அப்ப நாளைக்கி ஆசாரிகிட்ட இன்னா சொல்றது?" என்றான்.

"வேணாம்னு சொல்லு. அறுக்கல."

அங்கேயே, அவள் எதிரிலேயே, ராஜேஷுக்குப் போன் போட்டான். கிட்டார் மடியில் இருந்தது, அவள் கை கிட்டார்மேல் இருந்தது. "அறுக்கமாட்டேன் ராஜேஷு. தொங்க விட்ட பிக்கப்போட வர்றேன். உன் டிரம்ஸுக்குத் தள்ளி, ஒரு மூலையில குந்திக்கறேன்," என்றான். மறுமுனையிலிருந்து, "பாவண்டா நீ. மூலையில குந்தினா கூடத்துல எவனுக்குக் கேக்கும்? வுடு, நான் வேற ஆளப் பாத்துக்கறேன்," என்று வந்தது.

பூபாலன் போனை வைத்தான். வருத்தமாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். அந்தக் கூடமும் விளக்கும், இனி ஒருபோதும் தான் உட்காரப் போகாத அந்த நாற்காலியும் கண்ணுக்கு முன்னாலேயே நின்றன.

"இன்னா சொன்னாரு?" என்று நதியா அவன் உதட்டைப் பார்த்துக் கேட்டாள்.

"வேணாம்ட்டான்."

அவள் தலையசைத்தாள். கிட்டார் சும்மா இருந்தது, கம்பியை யாரும் தொடவில்லை. ஆனால் அவள் கையை எடுக்காமல் எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கால் ஆடுதே மாமா."

பூபாலன் குனிந்து பார்த்தான். ஆடிக்கொண்டுதான் இருந்தது. நிறுத்தப் பார்த்தான், நிற்கவில்லை.

"அது ஆடும் நதியா. இன்னா பண்றது."

"ஆடட்டும்," என்றாள். "வாசி."